மூன்றாவது பெட்டி

படிவம் நீல நிறம்.
இந்த ஆண்டின் சிறந்த தாதியை
யாரும் முன்மொழியலாமாம்,
நிலவறையில் துணி தோய்க்கிற நானும்.

முதற் பெட்டியில் பெயர்.
கேதாரேஸ்வரி சிவபாதம்.
மேலே அவர்களுக்கு அவள் வெறும் "கே".
மிச்ச எழுத்துகளுக்குத்
தொண்ணூறு வயதில் மூச்சுக் காணாது.

இரண்டாவதில் பிரிவு.
முன்னாள் படையினர், நான்காம் மாடி, இரவு வேலை.

மூன்றாவது பெட்டிதான் பெரிசு:
இவரது சிறப்பான பணியை
நூறு சொற்களுக்குள் விவரிக்குக.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊத்தைத் துணி.
ஆறு மாடியிலிருந்தும் குழாய் வழியே
மூட்டை மூட்டையாய் வந்து விழும்.
மற்ற மாடி மூட்டைக்குள்
கரண்டி கிடக்கும், மூக்குக்கண்ணாடி கிடக்கும்,
ஒருமுறை சிரித்தபடி ஒரு பொய்ப்பல் வரிசை.
நான்காம் மாடியிலிருந்து
பதினொரு வருசத்தில் ஒரு பொத்தானும் வந்ததில்லை.
ஒவ்வொரு சட்டைப் பையிலும் கைவிட்டுப் பார்த்துத்தான்
அவள் முடிச்சுப் போடுவாள்.
பதக்கம் ஒன்று மிசினுக்குள் சுழன்றால்
என்ன சத்தம் வருமென்று
நான் இன்னும் அறியேன்.

கொரியாவில் நின்ற ஓர்வில் கிழவருக்கு
விடியப்புறம் மூன்று மணிக்குக் காவல்முறை.
எழுபது வருசமாய் யாரும் வந்து மாற்றவில்லை.
வழித்த முகத்தோடு போய் நிற்க வேணும் அவருக்கு.
அவள் வெந்நீர் கொண்டுவந்து வழித்துவிடுவாள்.
பிறகு விறைப்பாய் நின்று,
"காவலை நான் பொறுப்பெடுக்கிறேன், நீங்கள் படுக்கலாம்" என்பாளாம்.
துவாயில் வெள்ளை மயிர் ஒட்டி வந்தால்
அன்றைக்கு அவர் நித்திரை கொண்டார் என்று அர்த்தம்.

காந்தகாரில் வலது காலை விட்டுவந்த டஸ்ரின்
நாற்பதுகூட ஆகாதவன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
நிலத்தில்தான் படுப்பான்.
மற்றவர்கள் தூக்கித் தூக்கிக் கட்டிலில் கிடத்த,
இவள் தலையணையைக் கீழே கொடுத்துவிட்டுப் போனாள்.
அந்த விரிப்பில் மட்டும் தரைத் தூசு இருக்கும்.
நான் இரண்டு தரம் தோய்ப்பேன்.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.
சப்பாத்துச் சத்தத்துக்கு
நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை நீ,
பட்டாளத்தானுக்கா இவ்வளவும் என்று.
"உடுப்பைக் கழற்றினால் என்ன மிஞ்சும் எண்டு
தோய்க்கிற உங்களுக்குத் தெரியாதோ?"
மாடிக்குப் போகும் லிப்ட் வந்தது. போய்விட்டாள்.

பிறகு யூலை முதலாம் திகதி.
வினிபெக் ஆற்றங்கரையில்
இரவு பதினொரு மணிக்கு வாணவேடிக்கை.
பின்னேரமே ஒவ்வொரு கட்டிலாய்ப் போய்
நேரத்தைக் கடதாசியில் கொட்டையாய் எழுதி ஒட்டினாள்.
பதினொன்றுக்குத் தொடங்கும்.
பதினொன்றேகாலுக்கு முடியும்.
எல்லா வாசலுக்கும் தெரிகிற மாதிரி
நடைபாதையின் நடுவில் ஒரு கதிரை போட்டு இருந்தாள்.
புது விரிப்புத் தள்ளிக்கொண்டு போன நான்
வண்டியோடு அப்படியே நின்றேன்.

முதல் வெடி.
"வாணம்தான்" என்றாள், சத்தமாய், ஆங்கிலத்தில்.
இரண்டாவது. "வாணம்தான்."
ஓர்வில் முனகினார். "வாணம்தான், ஓர்வில்."
டஸ்ரினின் அறையிலிருந்து
கட்டில் காலை யாரோ இறுக்கிப் பிடித்த கிறீச்.
"பத்து நிமிசம், டஸ்ரின். வாணம்தான்."

கடைசியில் எல்லாம் ஒன்றாய் வெடித்தபோது
ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின.
அவள் கண்ணை மூடி,
மடியில் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு
சொல்லிக்கொண்டேயிருந்தாள்.
வெறும் வாணம், வெறும் வாணம், வெறும் வாணமடி.
தமிழில்.
அந்த மாடியில் யாருக்கும் தமிழ் தெரியாது.

அடுத்தநாள் நான்காம் மாடி மூட்டையில்
முதன்முதலாய் ஒரு பொருள்.
அவளுடைய சொந்த மேலங்கிப் பையில்
நாலாய் மடித்த கடதாசி, நனைந்து கூழாகி,
பதினொன்று என்ற இலக்கம் மட்டும் மிச்சமாய்.
காயவைத்து வைத்திருக்கிறேன்.
அவளிடம் சொல்லவில்லை.

படிவத்தை நாளைக்குக் கொடுக்க வேணும்.
மூன்றாவது பெட்டியில் எழுதியிருக்கிறேன்:
பைகளைப் பார்ப்பார்.
இன்னும் தொண்ணூற்றெட்டுச் சொல் கிடக்கிறது.