கைப்பிடி

விண்டர்தூரில் நான் பராமரிக்கும் கட்டடத்தில்
ஒரு கதவு.
தள்ளினால் திறக்கும்.
ஆனால் வளைந்த பித்தளைக் கைப்பிடி
இழு, இழு என்று கூப்பிடும்.

எல்லோரும் இழுத்தார்கள்.
தபால்காரர். பல்வலிக்காரர்.
ஒருநாள் குழந்தைவண்டியோடு ஒருத்தி
அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

'தள்ளவும்' என்று ஜெர்மனில் ஒட்டினார்கள்.
பிறகு பிரெஞ்சில், இத்தாலியனில்.
பிறகு ஒரு சிவப்பு அம்பு.
"உன் மொழியிலும் எழுதேன், நிரூபன்"
என்றார் மேலாளர் ஸெல்வெகர்.
எழுதினேன்.
எழுதிய நானே
அவசரத்தில் இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆளெல்லாம் போனபின்
நான்கு திருகாணிகளைக் கழற்றினேன்.
ஓட்டைகளை மெழுகால் அடைத்து
தாள்களை உரித்து
பசைத் தடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

திங்களன்று ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை.
தள்ளினார்கள், போனார்கள்.

வேலைப் படிவத்தில்
'பொருத்தியது' என்றொரு கட்டம்,
'மாற்றியது' என்றொரு கட்டம்.
எடுத்ததற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
ஒரு கைப்பிடி, நான்கு தாள், ஓர் அம்பு.

"இதற்கா மூன்று மணிநேரம்?" என்றார் ஸெல்வெகர்.
கழற்றவும் துடைக்கவும் அரைமணி.
மிச்சம், எதிர்ப்பக்கம் நின்று
மனிதர்களின் கைகளைப் பார்த்தது.
அதற்கும் கட்டமில்லை.

கைப்பிடியை எறிய மனம் வரவில்லை.
நல்ல பித்தளை.
கோட்டுப்பையில் கனக்கக் கனக்கக் கொண்டுவந்து
சமையலறை இழுப்பறையில் வைத்தேன்,
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள்,
செத்த போன்களின் சார்ஜர்கள்,
மூடி தொலைந்த டப்பா, டப்பா தொலைந்த மூடி
இவற்றுக்கு மேலே.

தர்சிகா பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த இழுப்பறை
இழுத்தாலும் வருவதில்லை,
தள்ளினாலும் போவதில்லை.