கூட்டல் கழித்தல் முந்நூறு

உளியை வைக்குமுன் இனுங்குவாக் கேட்டான்:
இந்தக் கல்தானா?
இதுதான் என்றேன்.
முழங்கால் உயரம், மேலே தட்டை, விரிசல் இல்லை.
இந்தக் கரும்பாறைத் திட்டுக்கு
எந்த உறவும் இல்லாத சிவந்த கல்.
பனி எங்கிருந்தோ தூக்கி வந்து
இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

பனி விலகிய அன்றுதான்
அது வானத்தைப் பார்த்திருக்கும்.
அன்று தொட்டு
மழையல்லாத ஒன்று மேலிருந்து பெய்கிறது.
படிகத்துக்குள்
அணு அணுவாய் பெரிலியம் சேர்கிறது.
எண்ணினால் ஆண்டு வரும்.
குடியிருந்தவர் காலிசெய்த தேதியை
சுவரில் வெயில் பட்ட நிறத்தை வைத்துச் சொல்வதுபோல.
இவ்வளவுதான் என் வேலை.

அவன் சிரித்தான்.
தொண்ணூற்று நாலு கோடையில்
நானும் பாவியாவும் கடப்பாரை போட்டுப் புரட்டியது.
கோல் போஸ்டுக்கு ஒரு கல் குறைந்தது.
நீ தட்டப்போவது அடிப்பக்கம்.

ஏழடி தள்ளி
அதே உயரத்தில் இன்னொரு கல்.
கற்பாசிகூட ஒட்டாத முகம்.
நான் பார்த்திருக்க வேண்டும்.

மேலே ஏறினோம்.
பாறையில் இணைகோடுகள்;
பனி மேற்கே போயிருக்கிறது,
அடியில் கற்களை வைத்துக் கீறியபடி.
அறுபது மீட்டர் உயரத்துக் களிமண்ணில்
சிப்பிகள், இரண்டு ஓடும் மூடியபடியே.
பாரம் இறங்கியதும் நிலம் எழுந்திருக்கிறது.
இன்னும் எழுகிறது என்றேன்.
தெரியும் என்றான்,
துறையில் என் படகு தரை தட்டுகிறது.
உலகமெல்லாம் கடல் ஏறுகிறதாம்,
இங்கே மட்டும் இறங்குகிறது.

மூன்று கற்களில் சில்லு எடுத்தோம்.
ஒவ்வொன்றிலும் நின்று
மலை எவ்வளவு வானத்தை மறைக்கிறதென்று அளந்தேன்.
இறங்கும் வழியில்
கோல் போஸ்டிலும் ஒரு சில்லு.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து எண்கள் வந்தன.
இரண்டு கற்கள் ஒத்துப்போயின:
பத்தாயிரத்து நானூறு, கூட்டல் கழித்தல் முந்நூறு.
மூன்றாவது முப்பதாயிரம் என்றது.
பனி மூடுமுன்பே வேறெங்கோ
வானம் பார்த்த கல்;
அந்த ஞாபகத்தைப் பனியால்
சுரண்டி எடுக்க முடியவில்லை.
புரண்ட கல்லின் எண்
எந்தக் கோட்டிலும் உட்காரவில்லை.

எல்லாவற்றையும் அவனுக்கு எழுதினேன்.
முந்நூறு ஆண்டு பிசகினாலும்
உங்களுக்குச் சம்பளம் உண்டா என்று பதில் வந்தது.
உண்டு என்றேன்.
பிறகு கேட்டேன்:
அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது யார்?

பாவியா.
ஐந்துக்கு இரண்டு.
அதில் கூட்டல் கழித்தல் ஏதும் இல்லை.