ஏழாம் தடம்

பெருமாளே படுத்துத் தூங்கும் ஊர், பள்ளிகொண்டா.
இங்கே வண்டிகள் மட்டும் நிற்பதில்லை.
கண்ணாடியில் ஒட்டிய வில்லையை
மேலிருந்து ஒரு பெட்டி பார்க்கும்;
கட்டை தானே எழும்.
மூன்று நொடி.

முன்பு நாற்பது நொடி ஆகும்.
நோட்டு, சில்லறை, ரசீது,
இடையில் ஒரு முகம்.
மீதி இரண்டு ரூபாய்க்கு நான் கொடுத்த மிட்டாயை
மறுநாள் என்னிடமே நீட்டி
"கட்டணத்துல கழிச்சிக்கோ" என்றவர் உண்டு.
பாஷை தெரியாத அசாம் குடும்பங்கள்
எக்ஸ்ரே உறையை ஜன்னலில் உயர்த்திக் காட்டும்.
நேராப் போ, கிரீன் சர்க்கிள்ல இறங்கு
என்று கையால் சொல்லுவேன்.
இப்போது அவர்களுக்கு வழியைப் போன் சொல்கிறது,
அவர்கள் பாஷையிலேயே.
நல்லதுதான்.

பதினாறு பேர் இருந்தோம்.
குமுதவல்லி ஆம்பூரில் ஷூவுக்குப் பசை தடவுகிறாள்.
ஜெபமணி குடியாத்தத்தில் தீப்பெட்டி எண்ணுகிறாள்.
எனக்கு ஏழாம் தடம்:
வில்லை கிழிந்தவை, பணம் தீர்ந்தவை,
பெட்டிக்கு அடையாளம் தெரியாதவை
என்னிடம் வரும்.

கத்திரி வெயில், மத்தியானம் இரண்டரை.
ஆந்திரா எண் லாரி ஒன்று வந்து நின்றது.
திரை சிவந்து, கறுப்புப் பட்டியல் என்றது.
டிரைவர் மஸ்தான் வலி முதலாளிக்குப் போன் போட்டார்,
மறுபடி போட்டார்.
பலகை இடுக்கில், என் ஜன்னலுக்கு நேராக
ஒரு மூக்கு.
ஈரமே இல்லாத மாட்டு மூக்கை
அன்றுதான் பார்த்தேன்.
உள்ளே இருபத்திரண்டு, கழுத்தோடு கழுத்து.
எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும்.
மஸ்தானுக்கும் தெரியும்,
அதனால் அவர் பின்பக்கம் பார்ப்பதில்லை.
அன்று பார்த்தார்.

"நீள்ளு உன்னாயா அம்மா?"
வேலூர்க்காரிக்கு அந்தச் சொல்லை யாரும்
பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.
நடுத்திட்டு அரளிக்குப் பாய்ச்சும் குழாயைக் காட்டினேன்.
என் பக்கெட்டையும் கொடுத்தேன்.

நான்காவது மாடு குடிக்கையில்
திரை பச்சையானது.
முதலாளி பணம் போட்டுவிட்டார்.
நான் பார்த்தேன்.
பொத்தானை அழுத்தவில்லை.

பின்னால் ஹாரன்கள்.
வெள்ளைக் காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்,
என்னைப் படம் எடுத்து மேலே அனுப்ப.
போன் உயர்ந்தது.
அந்நேரம் மஸ்தான் கையில் பக்கெட் சரிய,
அவருடைய மற்றக் கை
தானே போய் அதைப் பிடித்தது.
பிடித்த பிறகு
என்ன செய்வதென்று தெரியாமல்
அடுத்த மூக்குக்கு நீட்டினார்.
சட்டையெல்லாம் நுரை.
அப்புறமும் என்னைத் திட்டினார்,
ஆனால் பக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

இருபத்திரண்டும் குடித்தன.
அழுத்தினேன். கட்டை எழுந்தது.
லாரி கிருஷ்ணகிரிப் பக்கம் போனது.
தண்ணீரால் அது வேறெங்கும் போய்விடவில்லை.

"இன்னாம்மா அமுலு,
பதினோரு நிமிஷம் இன்னா பண்ண?"
என்று கேட்டார் சூப்பர்வைசர்.
கணினியில் காரணம் நிரப்பணும்.
சென்சார் பழுது, சர்வர் இல்லை,
வாகனப் பழுது, வாக்குவாதம்.
இந்த நாலில் ஒன்று.
தாகம் என்று அதில் இல்லை.
சென்சார் பழுது என்று போட்டேன்.

மறுநாள் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஏணி வைத்து ஏறி, பெட்டியைத் துடைத்து,
இதுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா என்றான்.
இறங்கும்போது என் கூண்டையும்
நீளம் அகலம் அளந்துகொண்டான்.
அவனுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன்.

வியாழக்கிழமை எதிர்த் தடத்தில்
வெற்று லாரி ஒன்று, ஆந்திரா எண்.
மூன்று நொடி.
வைக்கோல் பறந்து கண்ணாடியில் ஒட்டியது.
இரண்டு முறை ஹாரன்.
எனக்காகவா, தெரியாது.
எல்லா லாரியும் அப்படித்தான் அடிக்கும்.