இருபத்தெட்டு மில்லிமீட்டர்

நீலச் சிட்டுக்கு
இருபத்தெட்டு மில்லிமீட்டர் வாசல் போதும் என்றார்
அடுத்த பாத்திக்காரர் ஹார்மன்,
தன் பலகைக் கூட்டை அரத்தால் தட்டி.

சீட்ஸ்கே ஈரக் களிமண்ணில்
அதே அளவில் துளைத்தாள்.
சூளையில் மண் சுருங்கும் என்பது
சூளை திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குரோனிங்கன் மழையில்
ஏப்ரல் முழுக்கத் தொங்கியது பானை.
சிட்டு வந்தது.
தலை நுழைந்தது.
தோள் நுழையவில்லை.
ஹார்மன் பக்கம் போய்விட்டது.

மரமென்றால் ராவலாம்;
சுட்ட மண்ணிடம் என்ன பேச?

ஜூனில் ஒருநாள்
பீன்ஸுக்கு நீர் விடும்போது
பானை முணுமுணுத்தது.
கால் நிறைய மகரந்தத்தோடு
கொழுத்த வண்டொன்று
எங்கும் இடிக்காமல் உள்ளே போனது.

"வாடகை எவ்வளவு?" என்றார் ஹார்மன்.

அவருடைய பாத்தியில்
அசைந்துகொண்டிருந்த தக்காளிப் பூவை
மண் காய்ந்த விரலால் காட்டினாள்.