ஏழாம் வினா

பொதி முப்பத்தொன்று. சணல் நூலை வெட்டினேன்.
புரட்டாதிப் புழுக்கம்.
கல்லூரி மண்டபத்து மின்விசிறி
ஒரு பக்கம் மட்டும் திரும்பியது.

வேர்சாய் உடன்படிக்கை
நிலையான சமாதானத்தைத் தரத் தவறியது ஏன்?
இருபது புள்ளி.

காரணம் ஒன்றுக்கு மூன்று வீதம்
என்றது புள்ளித்திட்டம்.
போர்க்குற்றப் பிரிவு, மூன்று.
இழப்பீடு, மூன்று.
அல்சாஸ், லொறேன், சார் நிலக்கரி,
ஒரு இலட்சத்துக்கு மேல் படை கூடாது.
எல்லாப் பிள்ளைகளும் ஒரே ரியூட்டரியின்
ஒரே நோட்ஸைப் பாடமாக்கியிருந்தார்கள்.
கோண்டாவிலிலும் குருநகரிலும்
ஜேர்மனி ஒரே வசனத்தில் அவமானப்பட்டது.

"கெதியாய் ரீச்சர், கெதியாய்"
என்றபடி முதுகுக்குப் பின்னால்
மரியநாயகம் சேர் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு இந்தத் தாள்.
சுட்டெண்ணின் கடைசி இரண்டும் பூச்சியம்.
எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"கையெழுத்து வைத்த மண்டபத்தில்
முந்நூற்று ஐம்பத்தேழு கண்ணாடிகள்.
முகம் சிதைந்த படைவீரர் ஐந்து பேரை
மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்து விட்டார்கள்,
தோற்றவர்கள் பார்க்கவேண்டும் என்று.
பார்த்தார்கள். ஒப்பம் வைத்தார்கள். போனார்கள்.
அந்த ஐந்து பேரும்
அவ்வளவு கண்ணாடிக்கு நடுவில்
எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்?"

அவ்வளவுதான்.
மிச்சப் பக்கம் வெள்ளை.

இரவு பாரிசிலிருந்து குகநேசன் எடுத்தான்.
அகதி அட்டை கிடைத்த நாள் முதல்
துப்புரவு வேலை.
முதலில் மெத்ரோ, பிறகு ஆசுப்பத்திரி,
இப்போது அந்த அரண்மனை,
விடியப்புறம், சனம் வர முதல்.
கண்ணாடி மண்டபத்தில் முகம் தெரியுமோ என்று கேட்டேன்.

"எங்க தெரியிறது அக்கா.
பழங் கண்ணாடி, ரசம் போட்டுது.
புகைக்குள்ள நிண்ட மாதிரிக் கிடக்கும்.
அதுகளில கைவைக்க எங்களுக்கு விடாங்கள்.
நான் நிலம் மட்டும்தான்."

பிறகு, ஏன் கேக்கிறாய் என்றான்.
கேட்டுவிட்டு அவனே பேசாமல் இருந்தான்.
காசு அட்டையில் நிமிடங்கள் போயின.
"மார்கழிக்கு வாறன்" என்றான்,
"அதுவரைக்கும் பாதை திறந்து கிடந்தால்."

தொண்ணூற்றைந்துக்குப் பிறகு
எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிதான்,
கிணற்றடிச் சுவரில்,
அவன் சவரம் செய்ய மாட்டியது.
அவன் உயரத்தில் ஆணி அடித்தது.
அவன் போன பிறகும்
அதை இறக்கி மாட்டச் சொல்லி
நான் ஒருவரையும் கேட்கவில்லை.
குதிக்காலை உயர்த்தினால்
நெற்றியும் வகிடும் தெரியும்.
இடது கன்னம் வரைக்கும் அது இறங்காது.

போன வருஷம் மாசியில்
எங்களுக்கும் ஒரு தாள் கைச்சாத்தானது.
ஒரே மேசைக்கு அது வரவேயில்லை.
இரண்டு ஊர், இரண்டு பேனை,
நடுவில் தூக்கிக்கொண்டு திரிந்தது வேறு தேசத்தார்.
பத்திரிகைப் படத்தை நான் வெட்டி வைத்திருந்தேன்.
பக்கத்தில் நிறுத்த
எங்கள் முகங்களைக் கூப்பிட்டிருந்தால்
எத்தனை பஸ் பிடித்திருக்கும்
என்று அந்த இரவு எண்ணத் தொடங்கி
கைதடியைத் தாண்டமுதல் நித்திரையானேன்.

காலையில் சேர் தாளை வாங்கி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"திட்டத்தில இல்லையே ரீச்சர்.
பூச்சியம் போடுங்கோ."
சொன்னவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்,
உடனே மின்விசிறியைப் பார்த்தார்.
நாலு வருஷமாக அப்படித்தான்,
நல்ல மனுசன்.

மூன்று போட்டேன்.
ஓரத்தில் "காரணம் ஒன்று" என்று எழுதினேன்.
அவர் பேனையை மூடித் திறந்து
கீழே தன் ஒப்பத்தை வைத்தார்.

பொதியைத் திருப்பிக் கட்டினேன்.
வெட்டிய சணல் குட்டையாகிவிட்டது.
முடிச்சு விழ
மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது.