வலது கதவு, இரண்டாம் தடவை

இருப்புப் பதிவேட்டில் இதற்கு ஒரே வரி:
மர அலமாரி, கண்ணாடிக் கதவுகளுடன், ஒன்று.
நிலை: உபயோகமற்றது.
எழுதியவர் எனக்கு முன்னால் ஸ்டோர் பார்த்த டென்னிசன்.
ஏழு வருஷம் நானும் அந்த வரியை
அடுத்த பேரேட்டுக்கு அப்படியே இறக்கினேன்.

குழித்துறையில் எடவப்பாதி பிடித்தால்
ஆஸ்பத்திரியே நனைந்த பஞ்சு.
கேஸ் ஷீட் சுருளும்.
தீக்குச்சியில் மருந்து மட்டும் தேய்ந்து உதிரும்.
கட்டடம் முழுக்கக் காய்ந்த இடம்
இதன் இரண்டாம் தட்டு ஒன்றுதான்.
அங்கே என் பப்படக் கட்டு.
ஆடியிலும் உடைத்தால் சத்தம் வரும்.

ஏலத்துக்கு அளவெடுக்கச் சொன்னார்கள்.
ஆறடி ஓரங்குலம் உயரம், நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலம்.
நாடாவை இழுத்துப் பிடித்தபோது
விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது:
மூலை இல்லை.
எந்த விளிம்பும் கூராக முடியாமல்
தேய்ந்த சோப்புபோல வழிந்து திரும்புகிறது.
ஆணி தேடினேன்.
லேப் பிரின்ஸியிடம் காந்தம் வாங்கி
மேலிருந்து கீழ்வரை ஓட்டினேன்.
எங்கும் ஒட்டவில்லை.
அயினிப் பலகை, மரமுளை, அரக்கு.
கைப்பிடிகூடக் கடைந்த மரம்.
நாலு காலுக்கும் அடியில் பச்சைக் கண்ணாடிக் கிண்ணம்.
எறும்புக்கென்று நினைத்து
டென்னிசன் அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்,
நானும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வவுச்சர் மூட்டையின் அடியில்
கரையான் விட்டுவைத்த அரைத்தாள்.
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்று.
திருவட்டாறு ஆறுமுகப்பெருமாள் ஆசாரி,
மின்சாரப் பெட்டி வகையில்:

அயினி, ஏழு வருஷம் உலர்ந்தது.
கண்ணாடி ஆறு. வழியில் உடைந்தது ஒன்று.
தேன்மெழுகு, உள்ளே முழுக்கப் பூச.
நீற்றாத சுண்ணாம்பு. கீழ்த்தட்டில் வைக்க, மழையில் வாரம் ஒருக்கா மாற்ற.
வலது கதவு, இரண்டாம் தடவை. கூலி வேண்டாம்.
பித்தளைப் பிடி ரெண்டு, திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஊருக்குக் கம்பி வரவில்லை.
இதற்குள் நின்றது இரண்டு கண்ணாடிச் சக்கரம்,
ஒன்றுக்கொன்று முகம் பார்த்து எதிரெதிராய்ச் சுற்ற.
பக்கத்துத் துளையில் தண்டைச் செருகி
ஒரு ஆள் வேர்க்க வேர்க்கச் சுழற்றுவான்.
இருட்டறையில், துணிக்குப் பின்னால்,
பனையிலிருந்து விழுந்த ஒருவனின் முழங்கை
சாம்பல் நிறத்தில் எழுந்து வரும்.
ஈரம் ஒரு மூச்சளவு ஏறினால் போதும்,
சக்கரம் சும்மா சுற்றும்,
மின்னல் மரத்துக்குள் இறங்கி ஒழுகிப் போய்விடும்.
மழையை வெளியே நிறுத்தவும்
இடியை உள்ளே நிறுத்தவும்
ஒரே பலகை.

நல்ல அலமாரிக்குப் பித்தளைப் பிடிதானே போடுவார்கள்.
அவரும் போட்டிருக்கிறார்.
வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் தெரிந்திருக்காது.
இடது சட்டத்தில், பிடி உயரத்தில்,
விரல் நீளத்துக்கு ஒரு கரிந்த வேர்,
கிளை பிரிந்து, கிளையில் கிளை பிரிந்து.
யார் கைக்குத் தாவியது?
கம்பவுண்டரா, சுழற்றிய ஆளா, அவரேதானா?
பட்டியலில் கை இல்லை.
கூலி வேண்டாம் என்பது மட்டும் இருக்கிறது.

கொச்சியிலிருந்து வந்த ஸக்கீர் தட்டிப் பார்த்தார்,
முகர்ந்து பார்த்தார்.
கொள்ளாம் சேச்சி, என்றார்.
இந்த மரப்பிடியை எடுத்துட்டு
நல்ல பித்தளையா ரெண்டு வெச்சா
ரிசார்ட்காரன் கண்ணை மூடிட்டு வாங்குவான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
கை மட்டும் ஏனோ தானாகப் பின்னால் போய்க்
கட்டிக்கொண்டது.
அந்த அரைத்தாளை மடித்து
உள்ளே மேல்தட்டில் ஒட்டிக் கொடுத்தேன். படிப்பாரோ என்னவோ.

தார்ப்பாய் மூடி வண்டி பாலம் ஏறியது.
கிண்ணங்கள் ரசீதில் இல்லை என்று
விட்டுப் போய்விட்டார்கள்.
நாலிலும் தண்ணீரைக் கொட்டித் துடைத்து
ஜன்னலில் கவிழ்த்தேன்.
சாயங்காலத்துக்குள்
பப்படம் நமுத்துவிட்டது.