மூன்றாம் ஒலித்தடம்

பிஷ்கெக்கில் ஐந்து நாள் பயிற்சி.
வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் உறுமும் பழைய பாலிடெக்னிக்.
முதல் நாள் வெளிச்சம்.
இரண்டாம் நாள் காத்திருப்பது எப்படி என்று:
கேமராவை நிறுத்திவிடாதே,
பேசி முடித்த பிறகுதான் ஆள் பேசத் தொடங்குவான்.
மூன்றாம் நாள் முழுக்க வரவுசெலவு.
பெட்ரோல் என்று எழுதாதே, போக்குவரத்து.
ஆட்டிறைச்சி என்று எழுதாதே, விருந்தோம்பல்.

நான்காம் நாள் சரயேவோவிலிருந்து நெர்மினா.
போரின்போது அவளுக்கு ஒன்பது வயதாம்.
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை,
கதவைப் பார்த்து உட்காரும் பழக்கம் மட்டும்.
ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்,
இரண்டு இருந்தால் ஒன்று, என்றாள்.
வக்கீலின் எண்ணைக் கைபேசியில் வைக்காதே,
முதலில் பிடுங்குவது அதைத்தான்.
இடது கை, உள்பக்கம், அழியாத மை.
பதினான்கு பேரும் எழுதிக்கொண்டோம்.
பேருந்தில் எனக்கு அரித்தது.

நிதி இரண்டு தவணை.
முதல் தவணையில் நல்ல மைக் ஒன்றும்
பனிக்கால டயர் நான்கும்.

கரா-தாஷ் என்று வைத்துக்கொள்வோம் அந்த ஊரை.
படத்திலும் அப்படித்தான்.
ஒரோஸ்பெக் பத்தொன்பது வருடம் சுரங்கத்தில் கல் அரைத்தவர்.
இப்போது ஜன்னலோரம் படுத்து
நிமிடத்துக்கு மூன்று முறை இருமுகிறவர்.
கம்பெனி சொல்கிறது: சிகரெட்.
"பற்றவைத்திருந்தால் என்னிடம் உதை வாங்கியிருப்பார்"
என்கிறாள் மனைவி சோனுன்புபு.

படத்தொகுப்பு முடிகிற வாரம்
மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர்
தேநீர் குடித்துப் போனார்களாம்.
கூரை நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார்களாம்.
தொலைபேசியில் அவள் சொன்னது அவ்வளவுதான்.

நெர்மினாவுக்கு எழுதினேன். அரை மணியில் பதில்:
முகத்தை மங்கலாக்கு. குரலைத் தாழ்த்து. ஜன்னலை மாற்று.
முகம் பிசைந்த மாவு போலானது.
குரல் கிணற்றுக்குள் இறங்கியது.
வெளியே நின்ற மலையை எடுத்துவிட்டு
வெறும் வானம் வைத்தேன்.
எல்லாம் சரி.
மூன்றாம் ஒலித்தடத்தில் இருமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னாலும்
மறைத்திருப்பேன்.
அந்த இருமல் ஊரில் நாய்க்கும் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால்
எதிர்வீட்டில் விளக்கு எரியும்.
வெட்டினாலோ
பொறுமையாகப் பேசும் ஒரு நோயாளிதான் மிச்சம்.
கம்பெனியே தன் ஆண்டுவிழாவில் திரையிடலாம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது.
இயக்குநருக்கு ஆபத்து: குறைவு, நடுத்தரம், அதிகம்.
நடுத்தரத்தில் டிக் அடித்தேன்.
அவருக்கென்று கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.
அப்போது எனக்கு மைக் வேண்டியிருந்தது.

நான்கு டயரோடு மறுபடி போனேன், கணவாய் வழி, பதினொரு மணி நேரம்.
லேப்டாப்பைப் போர்வைமேல் வைத்தேன்.
மாவு முகத்தைப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பு இருமலானது.
திரையிலும் இருமல்.
எது எந்தப் பக்கம் என்று ஒரு கணம் புரியவில்லை.
"யாரோ திருடன் இருமுகிற மாதிரி இருக்கிறது.
என் முகத்தைத் திருப்பிக் கொடு."

சோனுன்புபு எதுவும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்தாள்.
வாசல்வரை போய்த் திரும்பி,
"உன் கையில் எழுதியிருந்தாயே, அந்த எண்
நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்குமா?"

அங்கிருந்தே நிதிக்காரர்களுக்கு எழுதினேன்.
இரண்டாம் தவணையில் நிறத்திருத்தம் வேண்டாம்,
இசை வேண்டாம்,
அந்தப் பணத்தில் இந்த இருவருக்கும் ஒரு வக்கீல்.
கனிவான பதில். குழு கூடுவது மார்ச் மாதம்.

என் பேனா உறைந்திருந்தது.
ஆட்டுக்கு அடையாளமிடும் நீல மையைக் கொண்டுவந்தாள்.
அவள் கையில் எழுதினேன். பிறகு அவர் கையில்,
ஊசி போடும் இடத்தை விட்டுத் தள்ளி.
ஏழு, ஒன்று போலத் தெரிகிறது என்றார். திருத்தினேன்.
ஊதிக் காயவைத்தபடி அவள் சொன்னாள்,
இந்த மை மார்ச்வரை தாங்காது.